ஒரு தரம் மட்டும் கேட்கிற ஊர்

1

போன சனிக்கிழமையோடு நான் ஜேர்மனிக்கு வந்து நாற்பது வருஷம் முடிந்தது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்திலிருந்து இறங்கியவர்களில் மூன்று பேர் இன்னும் பேர்லினிலேயே இருக்கிறோம். நான், மன்னார் றெஜினா அக்கா, தில்லை அண்ணை. அன்றைக்கு எங்களுக்குள் அறிமுகம்கூட இல்லை. வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றோம். றெஜினா அக்காவின் கையில் செபமாலை, தில்லை அண்ணையின் கையில் பிஸ்கட் பெட்டி, என் கையில் ஆறு மாதம் முன்னதாக வந்து சேர்ந்திருந்த என் கணவரின் விலாசம் எழுதிய துண்டு. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

வருஷா வருஷம் அந்த நாளில் மூவரில் ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். இந்த முறை என் மகள் தர்ஷிகா குறுக்கே வந்தாள். "நாப்பது வருஷம் அம்மா. வீட்டில புட்டைக் கிண்டிக்கொண்டு இருக்கேலாது" என்று சொல்லி, பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் கால்வாய்க் கரையோரம் இருக்கிற ஒரு மத்தியதரைக்கடல் மீன் உணவகத்தில் ஐந்து பேருக்கு மேசை பதிந்துவிட்டாள். அவளும் மருமகன் மத்தியாஸும் பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் வந்தார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், 'இவளுக்கென்ன, கடல் விருந்து சாப்பிட்ட கதை சொல்ல வந்திட்டாள்' என்று நினைப்பீர்கள். தாராளமாக நினையுங்கள். ஆனால் நான் அந்த மேசைக்குப் போனது மீனுக்காக அல்ல. என் மகள் என்னிடம் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்பாள் என்ற ஆசையில் போனேன். திங்கட்கிழமைக்குள் கேட்காவிட்டால் காரியம் கைவிட்டுப் போய்விடும்.

2

அந்தக் கேள்வி என்னவென்று சொல்கிறேன்.

தர்ஷியும் மத்தியாஸும் பீலெஃபெல்டில் ஒரு வீடு வாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தட்டில் தனி வாசலோடு ஓர் அறை, சின்னக் குசினி, குளியலறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டாள்.

"அம்மா, கீழ சின்ன வீடு ஒண்டு சும்மா கிடக்கு. நீங்கள் வந்து இருக்க விருப்பமோ?"

என் நெஞ்சு துள்ளி எழும்பியது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம். எனக்குப் போக ஆசை. கணவர் காலமாகி ஐந்து வருஷம். நான் இருப்பது நாலாம் மாடியில், மின்தூக்கி கிடையாது, முழங்கால் இரண்டும் ஒவ்வொரு படியிலும் கணக்குக் கேட்கின்றன. அதையெல்லாம் விட, பிள்ளையின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை திரையில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. காலையில் அவள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்குப் போதும்.

நெஞ்சு அப்படித் துள்ளியது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"எனக்கேன் பிள்ளை அதெல்லாம்? நான் இஞ்ச நல்லாத்தானே இருக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் சந்தோஷமா இருந்தால் காணும்."

"ஓகே அம்மா," என்றாள். பிறகு அங்கே பனி கொட்டுகிறதா இல்லையா என்று பேச்சு போய்விட்டது.

நான் காத்திருந்தேன். அடுத்த ஞாயிறு கேட்பாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு கத்தரிக்காய்க் குழம்புக்கு எவ்வளவு புளி விடுவது என்று கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறு அவளுக்குத் தடிமன், மூக்கடைப்பு. நாலாம் ஞாயிறு சொல்கிறாள், கீழ் வீட்டுக்கு ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம், பேர்லினுக்கு வந்துபோன பிறகு திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்தாம்.

"நல்லது பிள்ளை," என்றேன். நல்லதாம்! தொலைபேசியை வைத்துவிட்டு என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

3

இதை ஒரு ஜேர்மன்காரருக்கு விளங்கப்படுத்த முடியாது. உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்போம். குடித்திருக்க மாட்டோம். தொண்டை வறண்டு போயிருக்கும். அவர்களுக்கும் அது தெரியும். "சும்மா ஒரு வாய் குடியுங்கோ" என்பார்கள். "ஐயோ வேண்டாம், வீண் கரைச்சல்" என்போம். அதற்குள் குசினியில் கேத்தல் கொதித்துவிடும். மூன்றாம் தரம் கோப்பை கைக்கு வந்த பிறகு, வேறு வழியில்லாதவர்கள் போல வாங்கி ஒரே மூச்சில் குடிப்போம். முதல் கேள்விக்கே "ஓம், தாங்கோ" என்று சொல்கிறவரைப் பற்றி, அவர் தெருப்படலை தாண்டியதும் என்ன கதைப்போம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தோடு வந்து இறங்கிய என்னிடம் ஜேர்மனி முதன்முதலாகக் கேட்டது ஒரு குளிர் மேலங்கி வேண்டுமா என்று. அகதிகள் விடுதியில், பழைய உடுப்புகள் பங்கிடுகிற அறையில், ஒரு பெண் மண்ணிறக் கம்பளி மேலங்கி ஒன்றைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி விளங்கியது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். உடனே கையை நீட்டினால் காணாததைக் கண்ட பறக்காவெட்டி என்று நினைப்பார்களே என்று சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் அதை அப்படியே எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார். நான் அரை மணித்தியாலம் அந்த அறையை விட்டு நகராமல் நின்றேன். இரண்டாம் தரம் கேட்கவேயில்லை.

மறுநாள் றெஜினா அக்கா அந்த அறைக்குப் போய், தனக்கு ஏற்கெனவே ஒரு மேலங்கி இருந்தும், இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் போட்டார்.

"வேண்டாம் அக்கா, எனக்குக் குளிரேல்லை."

"உன்ர உதடு நீலமாக் கிடக்கு. போடு."

என்னைவிட ஆறு வயது மூத்தவர். அன்று முதல் என்னுடைய 'வேண்டாம்' எதையும் அவர் காதில் வாங்கியதில்லை. பிள்ளை பிறந்து நான் படுத்திருந்தபோது, "ஒண்டும் வேண்டாம் அக்கா" என்று சொல்லச் சொல்ல மீன் சொதி வைத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். கணவர் இறந்த கிழமை, "நான் தனிய இருப்பன், நீங்கள் போங்கோ" என்றேன். தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாதம் என் வீட்டில் படுத்தார்.

ஜேர்மனி அப்படியில்லை. அது ஒரு தரம்தான் கேட்கும். காரியாலயப் படிவங்களும் ஒரு தரம்தான் கேட்கும். என் கணவர் நோயோடு கிடந்த காலத்தில் பராமரிப்பு உதவிக்கான அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பப் போனேன். வீட்டு வேலைக்கு ஆள் தேவையா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இரண்டு பெட்டி, ஓமுக்கு யா, இல்லைக்கு நைன். எனக்குச் சொல்ல இருந்த பதில், 'நீங்கள் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் ஓம்' என்பது. அதற்குப் பெட்டி இல்லை. நைன் என்பதில் புள்ளடி போட்டுவிட்டு வந்து, ஒன்றரை வருஷம் தனியாகக் கூட்டித் துடைத்தேன்.

வேலை இடத்தில் இது தலைகீழாக வேலை செய்யும். ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். "சனிக்கிழமை வரமுடியுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டே யா என்பேன். மேற்பார்வையாளருக்கு நான் சனிக்கிழமை வேலையை விரும்புகிறவள் என்று உறுதியான நம்பிக்கை. விடைகொடுக்கிற நாளில் அதையே பாராட்டிப் பேசினார்.

பிள்ளைக்கும் இதையே படிப்பித்தேன். ஏழு வயதில் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போனவள் அழுதுகொண்டு வந்தாள். "கேக் வேணுமா எண்டு கேட்டவை. நீங்கள் சொன்ன மாதிரி வேண்டாம் எண்டு சொன்னன். பிறகு அவை எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டவை." அன்றோடு அவள் என் பள்ளிக்கூடத்தை விட்டு விலகிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தத் தமிழ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், "றோல்ஸ் சாப்பிடுறியோ பிள்ளை?" என்று கேட்டால், "ஓம், ரெண்டு தாங்கோ" என்பாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அந்த வீட்டுக்காரிகள் அவளைக் கொஞ்சுவார்கள்.

மத்தியாஸ் வந்த கதை அதைவிட மோசம். மருமகன் முதல் முதலாகச் சாப்பிட வருகிறார் என்று, தர்ஷி அவருக்கு, போதும் என்பதற்கு எங்கள் 'காணும்' என்ற சொல்லைப் பழக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாவம், நாலு தரம் சொன்னார். நான் ஐந்து தரம் சோறு போட்டேன். தட்டில் இருப்பதை மிச்சம் விடக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை, வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். அடுத்த நாள் மகள் தொலைபேசியில் ஏசினாள். "அம்மா, அவர் காணும் எண்டால் காணும்தான். ராத்திரி முழுக்க வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவர்." எனக்கு அப்போதும் அது நம்பக்கூடிய செய்தியாகப் படவில்லை. வெட்கத்தில் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

4

இனி உணவகத்துக்கு வருவோம். நீல யன்னல்கள், வெள்ளைச் சுவர், மேசைக்கு நடுவில் ஒரு சின்னப் போத்தலில் ஒலிவ் எண்ணெய். பரிமாறுகிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க, துருக்கியின் இஸ்மீர்ப் பக்கத்து மனிதர். இங்கே எல்லாமே நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிறவை என்று சொன்னார். மத்தியாஸ் நில அளவை வேலை செய்கிறவர். எதையும் அளந்து செய்வார். ஒவ்வொருவராக முகம் பார்த்து, ஜேர்மனில், யாருக்கு எவ்வளவு பசி என்று கேட்டார்.

"எனக்குப் பசியே இல்லை. உங்கட விருப்பம்," என்றார் றெஜினா அக்கா.

"எனக்கு என்னெண்டாலும் சரி. ஒரு தண்ணி காணும்," என்றார் தில்லை அண்ணை. அவர் இருபத்தேழு வருஷம் இத்தாலிய உணவகங்களின் சமையலறைகளில் நின்றவர். மனைவி பேரப்பிள்ளை பார்க்க ரொறன்ரோ போன பிறகு, பாணும் முட்டையும்தான் அவர் சாப்பாடு.

"நான் வீட்டில கொஞ்சம் சாப்பிட்டிட்டு வந்தனான்," என்றேன் நான். காலையில் குடித்த தேத்தண்ணீரைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை.

மூன்று பேருக்கு முழுப் பசி இல்லை என்று மத்தியாஸ் குறித்துக்கொண்டார். மூன்று பேருக்கு உரிய பெரிய தட்டு ஒன்று போதும் என்றார். இஸ்மீர்க்காரர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். "ஐந்து பேருக்கு," என்று சொல்லி எழுதிக்கொண்டு, மத்தியாஸ் வாயைத் திறக்க முன்னர் உள்ளே போய்விட்டார். அந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

முதலில் பாணும் உள்ளிப் பசையும் பொரித்த நெத்தலியும் வந்தன. தலையோடு வாலோடு, மா தடவி, மொறுமொறு என்று. "நெத்தலிப் பொரியலுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் றெஜினா அக்கா. என்றாலும் அவர் விரல்கள் நிற்கவில்லை. பசியில்லாத மூன்று பேரும் சேர்ந்து ஐந்து நிமிஷத்தில் அந்தத் தட்டைத் துடைத்துவிட்டோம். மத்தியாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அளவு எங்கே பிழைத்தது என்று யோசித்திருப்பார்.

பிறகு பெரிய தட்டு. கணவாய் வளையங்கள், மட்டி, சுட்ட இறால், நடுவில் வெள்ளி நிறத்தில் இரண்டு முழு மீன், சுற்றிவரத் தேசிக்காய்த் துண்டுகள்.

"விளைமீன்ர சொந்தக்காரன் போல கிடக்கு," என்று றெஜினா அக்கா மீனைப் பிளந்தார். மன்னார்க் கைக்கு முள் ஒரு பொருட்டல்ல. எங்கள் எல்லாருடைய தட்டிலும் சதையைப் பிரித்துப் பிரித்து வைத்தார், தன்னுடைய தட்டில் வாலை வைத்துக்கொண்டார். தில்லை அண்ணை கணவாயைக் கடித்து, "ரெண்டு நிமிஷம் கூட நிண்டிட்டுது" என்று தீர்ப்புச் சொன்னார், சொல்லிவிட்டு ஆறு வளையம் சாப்பிட்டார். பேச்சு ஷோனெஃபெல்டுக்குப் போனது. அந்த நாள் பிஸ்கட் பெட்டியைக் காவலர்கள் திறந்து ஒவ்வொரு பிஸ்கட்டாக உடைத்துப் பார்த்ததை அண்ணை நாற்பதாம் தரமாகச் சொன்னார். நாங்கள் நாற்பதாம் தரமாகச் சிரித்தோம். தர்ஷி மத்தியாஸுக்கு மொழிபெயர்த்தாள், அவரும் சிரித்தார். நல்ல மேசை. ஆனால் நான் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கீழ் வீட்டைப் பற்றிச் சொல்லவும் செய்தாள்.

"அந்தப் பிள்ளை திங்கக்கிழமை காலமை கையெழுத்துக்கு வருது அம்மா. நல்ல அமைதியான பிள்ளை."

"நல்லது," என்றேன் மறுபடியும். இது இரண்டாவது 'நல்லது'. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தட்டில் கடைசியாக ஒரு இறால் மிஞ்சியது. இருந்ததில் பெரியது. பத்து நிமிஷம் அது அங்கேயே கிடந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீடுகளில் என்றால், அந்த இறால் அரை மணித்தியாலம் மேசையைச் சுற்றியிருக்கும். நீங்கள் எடுங்கோ, இல்லை நீங்கள் எடுங்கோ என்று தள்ளித் தள்ளி, கடைசியில் யாரோ ஒருவரின் தட்டில் பலவந்தமாக விழுந்திருக்கும்.

மத்தியாஸ் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "றெஜினா அக்கா, உங்களுக்கு?"

"ஐயோ, வேண்டாம்."

"தில்லை அண்ணை?"

"காணும், காணும்."

"அம்மா?"

"வேண்டாம். வயிறு நிரம்பிட்டுது."

தர்ஷியைப் பார்த்தார். அவள் மெய்யாகவே வேண்டாம் என்றாள். பிறகு அவர் அந்த இறாலை எடுத்து, ஓட்டைக் கழற்றி, தேசிக்காய் பிழிந்து, நிதானமாகச் சாப்பிட்டார். தில்லை அண்ணையின் கண்கள் இறாலோடு சேர்ந்து போய் மத்தியாஸின் வாய்க்குள் நுழைந்தன.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பெரிய ஆட்கள் மூன்று பேர் இருக்கிறோம், மரியாதைக்காவது இன்னொரு தரம் கேட்கக்கூடாதா என்று. பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு துளி ஆசைக் கள்ளம் இல்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். மூன்று பேரும் பதில் சொன்னோம். சொன்னதை அவர் நம்பினார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் முதல் சொல்லை ஒருவரும் நம்புவதில்லை. நம்பாமல் விடுவதை நாங்கள் அன்பு என்கிறோம். ஒருவர் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்புவதும் ஒரு மரியாதை என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. என் மகளும் என்னை அப்படித்தான் நம்பியிருக்கிறாள். அவள் இரண்டாம் தரம் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை வரைக்கும் அல்ல, நான் சாகும் வரைக்கும் கேட்கப் போவதில்லை.

மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

5

"தர்ஷி, அந்தக் கீழ் வீடு எனக்கு வேணும்."

சத்தம் கூடிப் போய்விட்டது. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள்.

"என்னம்மா?"

"எனக்கு அங்க வந்து இருக்க விருப்பம். நீ கேட்ட நேரமே விருப்பம்."

அவள் கையிலிருந்த முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ ஒருதரம்தானே கேட்டனீ."

இதைச் சொல்லும்போதே எவ்வளவு விசர்க் கதை என்று எனக்கே விளங்கியது. மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண் நிரம்பிவிட்டது.

"திரும்பக் கேட்டா அது உங்களை நெருக்கிறது அம்மா. ஒரு ஆள் வேண்டாம் எண்டால் விடவேணும். அப்பிடித்தானே நான் இஞ்ச வளந்தனான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் வேண்டாம் எண்டு சொல்ல நான் ரெண்டு நாள் அழுதனான். மத்தியாஸோட ஒரு வீட்டில இருக்க உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். அதை வாயைத் திறந்து கேக்கவும் எனக்குப் பயமா இருந்தது."

ஒரு மாதமாக, அவள் திரும்பக் கேட்காமல் இருந்ததற்கு நான் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன். கடமைக்குக் கேட்டிருக்கிறாள், வேண்டாம் என்றதும் பாரம் இறங்கியது என்று. அங்கே அவள் எனக்கு இப்படியொரு காரணம் கட்டி வைத்திருந்திருக்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்து, இரண்டு ஊரிலிருந்து அழுதிருக்கிறோம்.

மத்தியாஸுக்கு எல்லாம் விளங்கவில்லை. தர்ஷி தாழ்ந்த குரலில் ஜேர்மனில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், அந்த மாணவிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, கையெழுத்துத்தான் மிச்சம், அவளுக்கு இது நல்ல செய்தியாக இருக்காது.

"ஐயோ, அப்ப விடுங்கோ," என்று என் வாய் தானாகத் திறந்தது. "பாவம் அந்தப் பிள்ளை. எனக்கு வேண்டாம்."

"அம்மா!" தர்ஷி என் கையைப் பிடித்தாள். "இது உண்மையான வேண்டாமோ, யாழ்ப்பாண வேண்டாமோ?"

நான் யோசித்தேன். மெய்யாகவே யோசிக்க வேண்டியிருந்தது.

"யாழ்ப்பாண வேண்டாம்," என்றேன்.

தில்லை அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப அந்த இறாலுக்கு நான் சொன்னதும் அதுதான் தம்பி," என்றார் மத்தியாஸிடம் ஜேர்மனில். மத்தியாஸ் வெறும் தட்டைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், காது வரைக்கும் சிவந்துபோனார். பிறகு என்னிடம் சொன்னார், நாளைக்கே அந்த மாணவியோடு பேசி மன்னிப்புக் கேட்பேன், அவளுக்கு வேறு அறை தேடிக் கொடுக்க நானே அலைவேன், நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

"வாற மாசம்," என்றேன். முதல் கேள்விக்கே. யன்னல் பக்கமாகக் கட்டில் வேண்டும் என்றும் சொன்னேன். மா அவிக்கப் பெரிய அடுப்பு வேண்டும் என்றும் சொன்னேன். ஒருமுறை வாய் திறந்தால் கேட்பது அவ்வளவு கஷ்டமில்லை.

6

இவ்வளவு நேரமும் றெஜினா அக்கா மீன் வாலில் ஒட்டியிருந்த சதையை முள்ளுக்கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். அதில் சதை தீர்ந்து வெகு நேரமாயிற்று.

மத்தியாஸும் தர்ஷியும் காசு கொடுக்க எழும்பிப் போனார்கள். தில்லை அண்ணை மனைவியோடு கதைக்கத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாங்கள் இருவரும் மிஞ்சினோம்.

"நல்ல விஷயம் பரமேஸ்," என்றார். "பிள்ளையோட போய் இரு. உந்தப் படியள் இனி உனக்கு ஏலாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் முதல் தரம் கேட்ட அந்தக் கிழமையே, புதன் சந்தையில், நான் அக்காவிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொல்லியிருந்தேன். "வேண்டாம் எண்டு சொல்லியாச்சுத்தானே. பிறகென்ன?" என்று சொல்லிவிட்டு, அவர் கீரைக் கட்டுக்கு விலை கேட்கப் போய்விட்டார். நாற்பது வருஷத்தில் என்னுடைய எந்த வேண்டாமையும் நம்பாத மனிசி, அந்த ஒன்றை மட்டும் கேட்டவுடனே நம்பினார். நம்ப அவருக்குத் தேவை இருந்தது.

அவருக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் செய்யவில்லை. தம்பிமார் கனடாவில். புதன்கிழமை சந்தைக்கு என்னோடு. வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்கு என் துணைக்கு அவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அவர் துணைக்கு நான். வைத்தியர், காரியாலயம் என்று அவருடைய டெர்மின்களுக்கெல்லாம் கூடப் போய்க் குந்திக்கொண்டிருப்பது நான்தான்.

"அக்கா, நான் போனால் உங்களுக்குக் கஷ்டமோ?"

"எனக்கென்ன கஷ்டம்? சேர்ச் இருக்கு. ஆக்கள் இருக்கினம்."

மேலங்கியை எடுத்துப் போட்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூட்டினார். ஒரு ஜேர்மன்காரி என்றால் இந்த இடத்தில் நம்பியிருப்பாள்.

"அக்கா, கஷ்டமோ?"

"சீ, விடடி. பீலெஃபெல்ட் என்ன சந்திரனிலயே இருக்கு? நீ சந்தோஷமா இருந்தால் எனக்குக் காணும்."

நான் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. மூன்றாம் தரம் கேட்டேன்.

"ஓம்," என்றார் றெஜினா அக்கா.